இரண்டு கையால் நகர்த்திய சிப்பாய்கள்

தம்பி,

நீ இதைப் படிப்பாயா என்று எனக்குத் தெரியாது. படிக்காவிட்டாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும், அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வேண்டும். அரியலூரில் செஸ் போட்டி நடத்துகிற பிள்ளைகள் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். "உங்க பையன் மாவட்டத்துல ரெண்டாம் பரிசு வாங்கினவருங்க. அவரை எப்படி வளர்த்தீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "எழுதுங்க, எழுதுங்க, வளர்த்த லட்சணத்தை எழுதுங்க" என்றாள். வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் வேடிக்கை பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அவள் சொன்னதையே எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் நீ குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போகிறாய் என்பதையும் அவள்தான் சொன்னாள். ஏழு வருஷமாக நீ என்னிடம் எதையும் சொன்னதில்லை. சொல்லாததற்கு உன்னிடம் நியாயம் இருக்கிறது.

எனக்கு இந்த ஆட்டம் எங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் லாரி ஓட்டியவன். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லோடுக்கு வண்டிகள் வரிசையில் நிற்கும். காலையில் டோக்கன் போட்டால் மத்தியானம் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், மறுநாள் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். அந்த வரிசையில் நாமக்கல் டிரைவர் ஒருவர் கேபினுக்குள்ளிருந்து செஸ் அட்டையை எடுத்து டயர் நிழலில் விரிப்பார். ஆட்டம் பாதியில் இருக்கும்போது டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டால் காயை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். அதனால் வரிசையில் நிற்பவர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முதல் தடவை மட்டும் ஆளுக்கு இரண்டு சிப்பாயை ஒரே நேரத்தில் ஒவ்வொரு கட்டம் நகர்த்தலாம். நேரம் மிச்சம், அவ்வளவுதான். அவர் எப்போதும் இரண்டு ஓரத்திலும் யானைக்கு முன்னால் நிற்கிற சிப்பாய்களைத்தான் நகர்த்துவார், இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று. "லோடு ஏத்தறதுக்கு முன்னாடி வண்டிக்கு ரெண்டு பக்கமும் கதவத் தொறந்து உடோணுமில்ல, அதாட்டந்தானுங்க" என்பார். எங்கள் வரிசையில் அதற்குக் கதவு திறப்பு என்றே பெயர். அது செஸ்ஸின் சட்டம் இல்லை, லாரிக்காரர்களின் சட்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்தேன்.

உனக்கு எட்டு வயதில் அதைச் சொல்லிக்கொடுத்தேன். அட்டை பெரியது, உன் கைகள் சின்னவை. இரண்டு ஓரமும் எட்டாது. நீ முட்டி போட்டு, அட்டையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கைகளை விரித்து, மோவாய் ராஜாவின் தலையில் இடிக்க, இரண்டு சிப்பாயையும் ஒரே நேரத்தில் தள்ளுவாய். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் போய்விட்டால் மறுபடியும் எடுத்து வைத்துத் தள்ளுவாய். "சரியாப்பா?" என்று கேட்பாய். நான் தலையை ஆட்டினால்தான் அடுத்த காயைத் தொடுவாய். நான் வண்டியில் போய்விட்டு நாலைந்து நாள் கழித்து வரும்போது அட்டை விரித்தே இருக்கும், இரண்டு கதவும் திறந்தே இருக்கும். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததில்லை.

பதினோரு வயதில் உன்னைப் பெரம்பலூருக்குப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். முதல் பஸ். நீ பள்ளிக்கூடச் சீருடையில் வந்தாய், நான் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்தேன். ஒரு பெரிய ஹால், வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் கடிகாரம். பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பக்கத்தில் நின்றவர் ஆசிரியராம், நல்ல மாதிரி மனுஷர், "உங்க பையனுக்கு யாருங்க கோச்?" என்று கேட்டார். "நான்தாங்க. எல்லாம் நம்ம சொல்லிக்குடுத்ததுதான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், தம்பி. இதை நான் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

உனக்கு வெள்ளைக் காய். கடிகாரத்தைத் தட்டினார்கள். நீ எழுந்து நின்றாய், இரண்டு கையையும் விரித்தாய், இரண்டு ஓரத்துச் சிப்பாயையும் அழகாக ஒரே நேரத்தில் நகர்த்தினாய். பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாய். எதிரில் உட்கார்ந்திருந்த பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுக் கையைத் தூக்கினான். நடுவர் வந்தார். அவர் திட்டவில்லை. "என்னப்பா இது? யாரு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல் கையை நீட்டி என்னைக் காட்டினாய். "எங்கப்பா சார்."

ஹாலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பக்கத்தில் நின்ற ஆசிரியரும் என்னைப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. நகத்தில் சிமெண்ட் இருக்கிறதா என்று ஏனோ அப்போதுதான் கையைப் பார்த்தேன். "நான் எங்க சார் சொன்னேன்? அவனா ஏதோ ஆடிக்கிட்டிருக்கான்" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை எத்தனை முறை கேலி பேசியிருக்கிறேன்! அன்றைக்கு நான் மறைத்தது பூசணிக்காயைவிடப் பெரியது. நடுவர் "பரவால்லப்பா, ஒண்ணை எடுத்துப் பழைய இடத்துல வையி. அவனுக்கு ரெண்டு நிமிஷம் கூட்டிக் குடுத்துடுறேன். ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் தண்டனை, இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பயந்துதான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன். நீ ஒரு சிப்பாயை எடுத்துப் பின்னால் வைத்தாய், அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவில்லை, சீக்கிரமே தோற்றுப்போனாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொடுத்தேன். நீ அதைப் பிரிக்கவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டு மக்காச்சோளக் காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாய். நீ கோபப்படுவாய், அழுவாய் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் ஒரு அதட்டு அதட்டிவிட்டு நானும் தப்பித்திருப்பேன். அரியலூர் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டாய்: "அப்பா, நான்தான் தப்பாக் கேட்டுக்கிட்டேனா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நடுவர் இல்லை, சிரித்தவர்கள் இல்லை, நீயும் நானும்தான். "ஆமா, தப்பாத்தான் கேட்டிருக்க" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். ஹாலில் சொன்ன பொய்யைப் பயத்தில் வந்தது என்று மன்னிக்கலாம். பஸ்ஸில் சொன்னதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பதினோரு வயதுப் பிள்ளையை அவன் காதையே நம்பவிடாமல் செய்தேன்.

அதற்குப் பிறகு நீ நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தாய். சரியான சட்டமெல்லாம் கற்றுக்கொண்டாய், பரிசும் வாங்கினாய். நான் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் என்னோடு ஆடும்போது மட்டும், "நீங்க ரெண்டு வச்சுக்கங்கப்பா, நான் ஒண்ணு வச்சுக்கிறேன்" என்பாய். நான் வெட்கமில்லாமல் இரண்டு கதவையும் திறப்பேன். நீ ஒற்றைச் சிப்பாயை வைத்தே என்னைத் தோற்கடிப்பாய். விட்டுக்கொடுக்கிறாய் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். என்னை நீ சுமந்துகொண்டிருந்தாய் என்று இப்போதுதான் உறைக்கிறது.

இரண்டாவது தடவையை எழுத இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்திருந்தாய். ஆட்டத்தின் நடுவில், தலையைத் தூக்காமலே, கூட வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னாய். புருஷன் விபத்தில் போய்விட்டான், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. "அவங்களைக் கட்டிக்கலாம்னு இருக்கேம்பா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்" என்றாய். நான் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, "கூட்டிட்டு வாடா. உங்க மாமனுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன், தம்பி, சத்தியமாக. உனக்கு வந்த சந்தோஷத்தில் ராணியை அநாமத்தாக விட்டுவிட்டாய். நான் வெட்டினேன். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். நாம் கடைசியாக நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிய ஆட்டம் அதுதான்.

அடுத்த வாரம் மீன்சுருட்டியில் உன் பெரிய மாமன் வீட்டில் எல்லோரும் கூடினோம். மாமன்மார் மூன்று பேர், அவர்கள் பங்காளிகள் நாலைந்து பேர். நீ நடுவில் நின்று தைரியமாகச் சொன்னாய், "அப்பா சரின்னுட்டாரு" என்றும் சொன்னாய். பெரிய மாமன் என் பக்கம் திரும்பி, "என்ன மாப்ள, புள்ளையோட இருக்கிற பொண்ணைக் கட்டிக்கடான்னு நீங்களே சொன்னீங்களாமே?" என்றார். மறுபடியும் எல்லாத் தலையும் என் பக்கம். நான் என்ன சொன்னேன் என்று இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். வேறு வார்த்தைகூட எனக்குக் கிடைக்கவில்லை. "நான் எங்க சொன்னேன்? அவனா ஏதோ பேசிக்கிட்டிருக்கான்."

நீ என்னைப் பார்த்தாய். கோபமே இல்லை. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. பிறகு பெரிய மாமனிடம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "ஆமாங்க மாமா. நான்தான் தப்பாக் கேட்டுக்கிட்டேன்" என்றாய். அங்கிருந்த யாருக்கும் அது புரியவில்லை. உன் அம்மாவுக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பஸ்ஸும் பிரிக்காத பொட்டலமும் கண்முன் வந்து நின்றன. இத்தனை வருஷமும் உனக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாய், ஜெயங்கொண்டம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

நீ பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டதை ஒரு மாதம் கழித்து அம்மாவிடம் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளிடம் பேசுகிறாய். பேசி முடித்துவிட்டு அவள் என்னைப் பார்ப்பாள், நான் ரேடியோவைத் திருகுவேன். "ஏழு மாநிலத்துக்கு லாரி ஓட்டினீங்க. பெத்த புள்ளைகிட்ட ஒரு வார்த்தை ஓட்ட முடியல" என்று ஒரு நாள் சொன்னாள். வீட்டில் புலி, வெளியில் எலி என்று என்னைப் போன்றவர்களைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் அந்த நடுவரைத் தேடிக்கொண்டு போனேன். கீழப்பழுவூரில் மகள் வீட்டில் இருக்கிறார், வயதாகிவிட்டது. அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எனக்கு ஞாபகம் இல்லீங்களே. எத்தனையோ பசங்க அப்படி ரெண்டு சிப்பாயைத் தள்ளுவாங்க. வீட்ல அப்படித்தானே ஆடுறாங்க எல்லாரும்? அதுல என்னங்க இருக்கு?" என்றார். காப்பி கொடுத்து அனுப்பினார். பெரிய மாமனும் அப்படித்தான். சென்ற மாதம் பேச்சுவாக்கில், "அந்தப் பொண்ணை அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கலாம் மாப்ள. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க என்ன மாட்டேன்னா சொல்லப்போறோம்?" என்றார். கேட்டாயா தம்பி? யாருக்குப் பயந்து உன்னை இழந்தேனோ அவர்களுக்கெல்லாம் அது மறந்தே போய்விட்டது. ஞாபகம் வைத்திருப்பது இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ ஓய்வு நேரத்தில் போனில் செஸ் ஆடுவதாகவும், அதில் உன் பெயர் என்ன என்பதையும் அம்மாவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாய். அவள் அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, என் கண்ணில் படும்படி எழுதி வைத்தாள், அவ்வளவுதான். செல்போன் கடைக்காரரிடம் கற்றுக்கொண்டு, ஏதோ ஒரு பெயர் வைத்து, மத்தியானம் சாப்பிட்டதும் உன்னை ஆட்டத்துக்கு அழைத்தேன். நீ யாரோ என்று நினைத்து ஒத்துக்கொண்டாய். ஆளுக்குப் பத்து நிமிஷம். வெள்ளைக் காய் எனக்கு விழுந்தது. போனில் இரண்டு கையால் நகர்த்த முடியாது. இடது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். நீ உடனே ஆடினாய். வலது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன்.

நீ ஆடவில்லை. உன் நேரம் ஓடத் தொடங்கியது. ஒன்பது நிமிஷம், எட்டு நிமிஷம். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அணையாமல் இருந்தது. நீ எழுந்து போகவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். பேசுவதற்கென்று கீழே ஒரு கட்டம் இருக்கிறது. "அப்பாதான்டா" என்று அடித்தேன், அழித்தேன். "என்னை மன்னிச்சிடு" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். அம்மா என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. ஐந்து நிமிஷம், மூன்று நிமிஷம். நீ ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாய் என்று நினைக்கிறேன். ஹாலில் காத்திருந்தாய், பஸ்ஸில் காத்திருந்தாய், மாமன் வீட்டில் காத்திருந்தாய், போனில் பத்து நிமிஷம் காத்திருந்தாய். கடைசி வினாடியும் தீர்ந்தது. நேரம் முடிந்ததால் நான் ஜெயித்ததாகப் போன் சொன்னது, கூடவே ஏதோ ஒரு பாட்டு. அம்மா உள்ளே போய்விட்டாள். நான் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு அறுபத்து நாலு வயது, தம்பி. அப்படி அழுதது என் அப்பா செத்தபோதுகூட இல்லை.

இது கண் கெட்ட பிறகு செய்கிற சூரிய நமஸ்காரம்தான். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். உன் மகளுக்கு, என் பேத்திக்கு, இப்போது பத்து வயது. பெரம்பலூரில் உனக்கு இருந்த வயதுக்கு ஒன்று குறைவு. நீ அவளுக்குச் சொல்லிக்கொடுப்பவற்றில் ஏதாவது தப்பாக இருக்கும், எந்த அப்பனும் எல்லாம் தெரிந்தவன் இல்லை. ஒரு நாள் அவள் நாலு பேர் நடுவில் கையை நீட்டி, "எங்கப்பாதான் சொன்னாரு" என்பாள். அப்போது காது கொதிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்று சொல்லிவிடு. தண்டனை இரண்டே நிமிஷம்தான், தாங்கிக்கொள்ளலாம். தாங்காதவன் கதி என்னவென்று உன் அப்பனைப் பார்த்துத் தெரிந்துகொள்.

நீ ஜெர்மனிக்குப் போவதற்கு முன்னால் வந்துவிட்டுப் போ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த உரிமையை நான் வைத்திருக்கவில்லை. என் மருமகளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏழு வருஷத்தில் மருமகள் என்ற சொல்லை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தான் திருத்த வேண்டும் என்பதால் இதை மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள், "சார், இதையா போடணும்? கொஞ்சம் மாத்தி எழுதலாமே?" என்று கேட்டார்கள். ஒரு எழுத்தையும் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு ஓரத்துச் சிப்பாயையும் ஒரே நேரத்தில் நகர்த்தச் சொன்னவன் நான். அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னவனும் நான். பெரம்பலூரிலும் சரி, மீன்சுருட்டியிலும் சரி, நீ தப்பாகக் கேட்கவில்லை, தம்பி. சரியாகத்தான் கேட்டாய்.

அப்பா